கடலோரத்தில் செடி வளர்க்கத் தொடங்குபவர்கள் எங்கே தவறுகிறார்கள்? ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுத்தோட்டம் பற்றிக் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை நல்ல செம்மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ள ஊர்களை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அவற்றைக் கீழக்கரையிலோ மண்டபத்திலோ தொண்டியிலோ அப்படியே செய்து பார்த்தால் இரண்டு மாதத்தில் தொட்டி காலியாகிவிடும். அப்புறம் "எனக்குக் கைராசி இல்லை" என்று தொட்டிகளை மொட்டை மாடி மூலையில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கைராசியெல்லாம் ஒன்றுமில்லை. இந்தக் கரையில் தண்ணீர், மண், காற்று மூன்றிலும் உப்பு இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாக நோண்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் அந்த உப்பில்தான் போய் முடியும்.

கீழே உள்ளவற்றை வரிசைப்படியே செய்யுங்கள். செடி வாங்குவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. நர்சரியில் பூத்துக் குலுங்கும் ரோஜாவைப் பார்த்து மயங்கி வாங்கி வந்துவிட்டு, அதற்குப் பிறகு மண்ணும் தொட்டியும் தேடுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு.

படி 1: தண்ணீரை அளந்து பாருங்கள்

நம் பக்கம் ஒரே வீட்டில் நாலு வகைத் தண்ணீர் இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர், போர் தண்ணீர், விலைக்கு வாங்கும் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர். பார்வைக்கு நாலும் ஒன்றுதான். செடிக்கு அப்படி இல்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர், பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உரம், பூச்சிமருந்து எதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள். ஒவ்வொரு தண்ணீரையும் ஒரு டம்ளரில் பிடித்து அளந்து, எண்ணைக் குழாய்க்கு மேலேயே எழுதி வையுங்கள். 450 பி.பி.எம்.முக்கு, அதாவது லிட்டருக்கு 450 மில்லிகிராம் உப்புக்கு, கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் கவலையில்லாமல் ஊற்றலாம். 450 முதல் 2000 வரை என்றால் செடியையும் மண்ணின் வடிகாலையும் பொறுத்தது. 2000-ஐத் தாண்டினால் காய்கறிச் செடிகள் பெரும்பாலும் தாங்காது. நாக்கை நம்ப வேண்டாம். உவர்த் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்குக்கு 1000 பி.பி.எம். கரிப்பாகவே தெரியாது.

ஒரு கணக்கு பாருங்கள். 1500 பி.பி.எம். என்றால் ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் உப்பு. தினம் 2 லிட்டர் ஊற்றினால் 3 கிராம். தண்ணீர் ஆவியாகிப் போகும், செடியும் உறிஞ்சிக்கொள்ளும். உப்பு மட்டும் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். அடியில் வடியவே இல்லை என்றால் 30 நாளில் அந்த ஒரு தொட்டிக்குள் 90 கிராம் உப்பு சேர்ந்துவிடும். ஒரு கைப்பிடிக்கு மேலேயே வரும். இதைத் தெரிந்து யாரும் போடமாட்டோம், தெரியாமல் தினமும் போடுகிறோம்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பு செறிந்து வெளியே வருவதுதான் அது. மூலத் தண்ணீரைவிட மோசம். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தோட்டத்துக்கு வேண்டாம். சாஃப்ட்னர் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் கருவி சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், செடி கருகும். தோட்டக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் கண்டுகொள்ளாத ஒரு நல்ல தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டுவது. காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்குவது அது, உப்பே கிட்டத்தட்ட இல்லை. கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா! இரவெல்லாம் ஏ.சி. ஓடினால் காலையில் ஒரு வாளி சேர்ந்திருக்கும். நாற்றுகளுக்கும் பூச்செடிகளுக்கும் அதை ஒதுக்குங்கள்.

அதைவிடப் பெரியது மழை. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். 30 மில்லிமீட்டர் பெய்த ஒரு ராத்திரியில், சிந்தியது சிதறியது போக, 2200 லிட்டர் பிடிக்கலாம். நம் மாவட்டத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும் என்பதால் அதற்குள் பிடித்தால்தான் உண்டு. முதல் மழையை விட்டுவிடுங்கள். மாடியில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதில் போகட்டும். பீப்பாய்க்குக் கொசுவலை கட்டி மூடுங்கள்.

ராமேஸ்வரம் தீவில் வீடு உள்ளவர்களுக்கு ஒன்று. ஆழமில்லாமல் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது, மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் எடை குறைவாக இருப்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதால்தான். "இன்னும் இருபதடி இறக்கினால் நிறையத் தண்ணி வரும்" என்று போர் போட்டு மோட்டாரில் இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். தோட்டத்துக்கு ஊற்றே போதும். அதையும் இறைத்து ஊறவிட்டு, மறுபடி இறைத்துப் பயன்படுத்துங்கள்.

படி 2: மண் கலவை

வீட்டு வாசலிலேயே மணல் கிடக்கிறது என்று அதை அள்ளித் தொட்டியில் போடுவது இங்கே சகஜம். கடற்கரை மணலில் உப்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும், கழுவிவிட்டால் சரி என்று நினைப்பார்கள். கழுவினால் உப்பு போகும், சிப்பித்தூள் போகாது. ஒரு கைப்பிடி மணலை எடுத்து அதன் மேல் நாலு சொட்டு வினிகரை விட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, துளிர் இலைகள் வெளுத்துப்போகும். தொட்டி அலங்காரத்துக்கு வைக்கிற பவளக் கல்லும் முழுச் சுண்ணாம்புதான். போதாக்குறைக்குப் பவளப்பாறையை எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தொட்டிக்கு எளிய கலவை: செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. உங்கள் தண்ணீர் 1000 பி.பி.எம்.முக்கு மேல் என்றால் மணலை ஒன்றரைப் பங்காக்குங்கள், வடிகால் வேகமாக இருந்தால்தான் உப்பு வெளியேறும்.

தென்னைநார்க் கழிவுக் கட்டி, அதாவது கோகோபீட், வாங்கினால் அப்படியே உபயோகிக்காதீர்கள். அதிலேயே உப்பு இருக்கலாம். ஊறவைத்து, பிழிந்து, வடிகிற தண்ணீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்கு அருகில் வடிதண்ணீரின் எண் வரும்வரை, இரண்டு மூன்று தடவை, அலசுங்கள்.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலை மூட்டையில் கொண்டுவந்து தொட்டியை நிரப்புகிறவர்களும் உண்டு. வயலில் அது தங்கம். தொட்டியில் தனியாகப் போட்டால் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சேறாகும். தரையில் குழி எடுத்து நடுவதாக இருந்தால் கதை வேறு. இரண்டடிக்கு இரண்டடிக் குழியில், கடலோர மணலோடு கண்மாய் வண்டலும் தொழு உரமும் கலந்தால் மணல் தண்ணீரைப் பிடிக்கப் பழகிவிடும்.

"உப்பு மண்ணா? ஜிப்சம் போடு" என்று சொல்வார்கள். களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்குத்தான் ஜிப்சம். உப்பு மட்டும் ஏறிய உவர் மண்ணுக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். இரண்டில் எது உங்கள் மண் என்று வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துத் தெரிந்துகொண்ட பிறகு மூட்டையை வாங்குங்கள். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. இந்த ஊர் மண்ணைப் பற்றி அங்கே கேட்கலாம்.

படி 3: தொட்டி

அடியில் நாலைந்து துளை இருக்க வேண்டும், அவ்வளவுதான். தரையோடு ஒட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டு வைத்தால் வடிந்த உப்புத் தண்ணீரை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், கொசுவும் முட்டையிடும், எடுத்துவிடுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு 12 அங்குலம். கறிவேப்பிலைக்குக் குறைந்தது 18. வெயில் நேரே அடிக்கிற மாடியில் கறுப்புப் பை வேண்டாம், வேர் வெந்துவிடும். வெள்ளை வளர்ப்புப் பையோ மண் தொட்டியோ நல்லது.

படி 4: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

பாம்பனில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் செடி வைக்கும்போது மறந்துவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடல் பக்கமிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வரும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வீடுகளுக்கு அது நேர் அடி. ஐப்பசி தொடங்கினால் வாடை. அப்போது தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று வடகடல் பக்கத்து வீடுகளின் முறை.

செடியின் ஒரு பக்க இலைகள் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் அது நோயல்ல. காற்று கொண்டுவந்த உப்பு. காற்று அடித்து ஓய்ந்த மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் பாதிச் சேதம் குறையும். கடல் பக்கம் கிடுகோ பனையோலைத் தட்டியோ கட்டலாம். முழுச் சுவர் மாதிரி அடைத்தால் காற்று மேலே ஏறிச் சுழன்று உள்ளே விழும். கொஞ்சம் காற்று புகுந்து போகிற தட்டிதான் நல்லது. இடம் இருந்தால் பூவரசோ புன்னையோ வேலியோரம் நடுங்கள். இரண்டும் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மரங்கள்.

சித்திரை, வைகாசியில் 50 சதவீத நிழல்வலை வேண்டும். அதை வருஷம் முழுக்கக் கட்டியே வைத்திருப்பது இன்னொரு தவறு. மார்கழியில் நிழலில் நிற்கிற கத்தரி காய்க்காது.

படி 5: எப்போது, எந்தச் செடி

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதை நம் கரையில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. ஆடியில் இங்கே மழை ஏது? கச்சான்தான் இருக்கும். நம் ஊர் முண்டு மிளகாய் விவசாயிகள் புரட்டாசியை ஒட்டி விதைத்து, வடகிழக்குப் பருவமழையில் வளர்த்து, தை முதல் பழம் பறிக்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. வீட்டுக்காரருக்கும் அதே கணக்குதான். ஆவணிக் கடைசியில் நாற்றங்கால், புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நடவு. மண்ணில் இருக்கிற உப்பை மழையே கீழே இறக்கிவிட்டு, இளம் வேருக்கு வழி விடும்.

விதையை ஆழத்தில் புதைப்பதும் ஒரு வழக்கமான பிழை. விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெலிதாக மண் போட்டால் சரி. முளைக்கும் விதைக்கு மட்டுமாவது மழைத்தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ தெளியுங்கள். உப்புக்கு மிகவும் பயப்படுகிற வயது அது.

செடித் தேர்வில் நான் கொஞ்சம் கறார். பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெரி மூன்றும் உப்பைத் தாங்காதவை. போர் தண்ணீர் வீடுகளில் முதல் வருஷம் கிட்டேயே போகாதீர்கள். ரோஜாவும் அப்படித்தான். ரோஜாதான் வேண்டும் என்றால் மழைத்தண்ணீர் சேமிப்பு இருக்கிற வீட்டில் மட்டும். தக்காளி ஓரளவு தாங்கும், மிளகாயும் கத்தரியும் அதைவிடக் குறைவு. பாலக், பீட்ரூட், பருப்புக்கீரை நன்றாகத் தாங்கும். பூவுக்கு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. மரத்தில் சப்போட்டா, மாதுளை, இலந்தை, தென்னை. தொடங்குகிறவர் ஐந்து தொட்டி வைத்தால் போதும். இருபது தொட்டி வாங்கிவிட்டு எதையும் கிட்டே போய்ப் பார்க்க நேரமில்லாமல் தவிப்பதைவிட அது மேல்.

நர்சரியில் வாங்கும்போது நிறையப் பூத்ததை எடுக்காதீர்கள். இலை அடர்ந்து, மொட்டு குறைவாக, பையின் அடியில் வேர் சுருண்டு பிதுங்காமல் இருக்கிறதா பாருங்கள். எங்கே வளர்த்தது, என்ன தண்ணீர் ஊற்றியது என்று கேளுங்கள். குளிர்ந்த ஊரிலிருந்து லாரியில் வந்திறங்கிய செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தொட்டி மாற்றி, மாடி வெயிலில் வைத்தால் பிழைக்காது. ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில். தொட்டி மாற்றுவதை மாலையில் செய்யுங்கள், வேர்மண் உடையக்கூடாது.

படி 6: தண்ணீர் ஊற்றும் விதம்

கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) வீட்டு மாடியில் கத்தரிச் செடி தலை தொங்கி நின்றது. "காலையிலயும் ஊத்துறேன், சாயங்காலமும் ஊத்துறேன், அப்பயும் வாடுது தம்பி" என்றார்.

"விரலை உள்ள விட்டுப் பாருங்க லாத்தா."

மேல் மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் இரண்டு கணு இறங்கியதும் ஈரம், சொதசொதவென்று. செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்தால் அடிவேர் பழுப்பாகிக் கையோடு வந்தது, சேற்று நாற்றம். தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு செடி தாகத்தில் வாடியிருக்கிறது.

இது எப்படி நடக்கும்? கருவாட்டுக்கு உப்புப் போட்டால் மீனிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறதல்லவா, உப்பேறிய மண்ணில் வேருக்கும் அதே நிலைமைதான். மண்ணில் ஈரம் இருக்கும், வேரால் எடுக்க முடியாது. இலை வாடும். வாடுகிறதே என்று அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஊற்றுவோம். அதனால் வாடிய செடியைப் பார்த்ததும் வாளியைத் தூக்காதீர்கள். முதலில் விரலை விடுங்கள். இரண்டு கணு ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

ஊற்றும்போது, அடித்துளையில் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே வர வேண்டும். தினமும் ஒரு டம்ளர் என்று மேலே நனைத்துவிடுவதுதான் இங்கே மிகக் கெட்ட பழக்கம். தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதாக நினைப்போம், உப்பு முழுவதும் உள்ளேயே தங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றுவது, தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட நல்லது. கோடையில் சிறிய தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம், அதையும் விரல்தான் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை தொட்டியை அலசுங்கள். முதலில் மேலே பூத்திருக்கும் உப்பை அரை அங்குல மண்ணோடு சுரண்டி எறியுங்கள். பிறகு உங்களிடம் இருப்பதிலேயே உப்புக் குறைந்த தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, நிதானமாக விட்டுவிட்டு ஊற்றுங்கள். வடிதண்ணீரை மீட்டரில் பாருங்கள். ஆரம்பத்தில் 4000, 5000 என்று வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். எண் இறங்கி நின்றதும் நிறுத்தலாம். அலசும்போது சத்தும் கொஞ்சம் போகும் என்பதால், இரண்டு நாள் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். தொட்டிகளைக் கூரைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வைத்தால் போதும்.

இலைமேல் தெளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி இலையைச் சுடும் என்று சொல்வதெல்லாம் கதை. ஆனால் துளி உப்புத் தண்ணீராக இருந்தால் அது காய்ந்ததும் உப்பு இலையில் தங்கி நிஜமாகவே கருக்கும். அடியில் மட்டும் ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பின் முதல் தண்ணீர் கொதிக்கும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு செடிக்குப் பிடியுங்கள். மண்ணுக்கு மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் ஆவியாவது குறையும், மேலே உப்பு பூப்பதும் குறையும்.

படி 7: உரம்

நம் பக்கம் உரத்துக்குப் பஞ்சமில்லை. ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், மீன் கழிவு, கரை ஒதுங்கிய கடல்பாசி. பஞ்சம் பொறுமைக்குத்தான். பச்சைச் சாணத்தையும் புது ஆட்டுப் புழுக்கையையும் தொட்டியில் போட்டால் அது மக்கும் சூட்டில் வேர் வெந்துவிடும். கையில் எடுத்தால் மண் வாசனை வர வேண்டும், நாற்றம் வந்தால் இன்னும் மக்கவில்லை.

கடல்பாசி அருமையான உரம்தான், ஆனால் கரையிலிருந்து அள்ளி நேரே போட்டால் கடலையே தொட்டிக்குள் போட்ட கணக்கு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, காயவைத்து, மட்கு உரக் குழியில் மற்றதோடு சேர்த்து மக்கவிடுங்கள்.

மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். குழாய்த் தண்ணீரில் கழுவியது என்றால் தாராளமாக ஊற்றலாம். கருவாடு ஊறவைத்த தண்ணீர், கருவாட்டுத் தலை, உப்புப் போட்டு உரசிய மீனின் அலசல் எதுவும் கூடாது. செதிலையும் குடலையும் அப்படியே புதைத்தால் பூனை தோண்டும், பெருச்சாளி வரும். மீன் அமிலமாக்குங்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில், 21 நாள். இடையில் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். தேன் பதத்தில் வடிகிற சாற்றை லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

ரசாயன உரமும் உப்புதான். டி.ஏ.பி.யோ யூரியாவோ தொட்டிக்கு ஒரு பிடி என்று போட்டால் ஏற்கெனவே உப்பில் தவிக்கிற வேருக்கு அதுவே முடிவு. சாதாரண பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. தேவைப்பட்டால் சல்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். எப்சம் உப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று பரப்புகிறார்களே, மெக்னீசியம் குறைந்த மண்ணுக்குத்தான் அது. நமக்கு அதுவும் இன்னொரு உப்பு. முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் சிப்பித்தூள் நிறைந்த நம் மணலுக்குத் தேவையே இல்லை.

படி 8: இலையைப் படியுங்கள்

இலை மஞ்சளானால் உடனே உரம் போடுவதுதான் தொடங்குபவரின் கை பழக்கம். எந்த இலை, எந்த இடத்தில் என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

அடி இலைகள் முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவோ, வேரில் தண்ணீர் தேங்குவதோ. விரலை விட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும். முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி உள்ளே பரவினால் உப்பு. படி 6-இல் சொன்னபடி தொட்டியை அலசுங்கள். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக வலை போலத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம். நம் மணலில் மல்லிகை, செம்பருத்தி, எலுமிச்சையில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அதற்கு மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், மழைத்தண்ணீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலையின் இருபக்கமும் தெளியுங்கள். கரைசல் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டால் பலனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. வெளுத்த பழைய இலை முழுதாகத் திரும்பாமல் போகலாம், புதிதாக வரும் துளிரின் நிறத்தைப் பாருங்கள்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லக்கூடாது.

படி 9: பூச்சி

மாவுப்பூச்சியை ஆரம்பத்திலேயே பார்த்தால் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, மாலையில். இங்கேயும் தண்ணீர்தான் குறுக்கே நிற்கும். போர் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், எண்ணெய் கலக்காமல் மேலே மிதக்கும், அதைத் தெளித்தால் ஓர் இலைக்கு எண்ணெய், ஓர் இலைக்கு வெறும் தண்ணீர். மருந்து கலக்க எப்போதும் நல்ல தண்ணீர். தென்னை, கொய்யாவில் சுருள் வெள்ளை ஈ வந்து இலை கறுத்திருந்தால், மைதாவை லிட்டருக்கு 25 கிராம் பசையாகக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளியுங்கள். காய்ந்ததும் கறுப்புப் படலம் பொருக்காக உதிரும்.

படி 10: மல்லிகைக்குத் தனியாக

தங்கச்சிமடத்தைச் சுற்றி மணல் தோட்டங்களில் வளர்கிற மல்லிகை நாற்று மாநிலத்தின் பல பக்கங்களுக்கும் போகிறது. அந்தச் செடியை வாங்கி வைத்துவிட்டு "பூக்கவே இல்லை" என்று சொல்கிற வீடுகள் இதே மாவட்டத்தில் நிறைய. காரணம் இரண்டுதான். ஒன்று நிழல், ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாவிட்டால் மல்லிகை இலையோடு நின்றுவிடும். இன்னொன்று, வெட்ட மனம் வராதது.

கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் கவாத்து செய்ய வேண்டும். ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். பிறகு தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, மக்கிய உரம் இட்டு, நிறையத் தண்ணீர். பங்குனியில் மொட்டு வரும்.

படி 11: செத்த தொட்டியின் மண்

ஏதாவது ஒன்று செத்துத்தான் போகும். அந்த மண்ணில் அன்றைக்கே புதுச்செடியை நடாதீர்கள், குப்பையிலும் கொட்டாதீர்கள். வேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, துளையுள்ள பழைய வாளியில் மண்ணைப் போட்டு, மழையில் இரண்டு வாரம் திறந்து வையுங்கள். மழையில்லாத மாதம் என்றால் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். வடிதண்ணீர் 1000 பி.பி.எம்.முக்குக் கீழே வந்ததும் தார்ப்பாயில் பரப்பி ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு புதுத் தொழு உரம் கலந்து, முதலில் பருப்புக்கீரையோ பாலக்கோ தூவிப் பாருங்கள். ஓரம் கருகாமல் கீரை வந்தால் அடுத்து அதில் மிளகாய் நாற்று நடலாம். கருகினால் இன்னொரு தடவை அலச வேண்டியதுதான்.